பொய் சாப்பிட்ட கதை

இருபது வருஷ காலமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் "பொய் சொல்லாதே" என்று போதித்து வருகிறவன் நான். அப்படிப்பட்ட நான், பெற்ற தாயாரின் முன்னிலையில், மனைவி மக்களோடு சேர்ந்து, பட்டப் பகலில் பொய் சாப்பிட்டேன் என்று சொன்னால் நேயர்கள் திடுக்கிடக் கூடும். ஆயினும் நடந்தது அதுதான். ஹவாய்த் தீவுகளில் சேப்பங்கிழங்கை வேக வைத்து, இடித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒரு கூழ் செய்கிறார்கள். அந்தக் கூழுக்குப் பெயர் 'பொய்'. நமக்குச் சோறு எப்படியோ அப்படி அந்நாட்டுப் பூர்வகுடிகளுக்குப் பொய். "பொய் இல்லாத சாப்பாடு ஒரு சாப்பாடா?" என்று ஹவாய்க்காரர் ஒருவர் என்னிடம் மிகவும் உண்மையாகவே கேட்டார்.

நாங்கள் அங்கே போன விதத்தைச் சொல்லி விடுகிறேன். என் தம்பி கலிபோர்னியாவில் உத்தியோகம் பார்க்கிறான். கோடை விடுமுறைக்கு எங்களை வரவழைத்தவன், "அண்ணா, இவ்வளவு தூரம் வந்து விட்டீர்கள். ஹவாய்க்கும் ஒரு நடை போய் வந்து விடலாம்" என்றான். அந்த 'ஒரு நடை' என்பது பசிபிக் சமுத்திரத்தின் மேல் சுமார் 2,400 மைல். ஐந்து மணி நேரத்துக்கு மேலாக ஆகாய விமானத்தின் ஜன்னல் வழியே பார்த்தால், தண்ணீரைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. இந்தப் பாழ் நீர்ப்பரப்பின் நடுவே, திசைகாட்டும் கருவி எதுவுமில்லாமல், நட்சத்திரங்களையும் அலைகளையும் பறவைகளையும் பார்த்தே மரக்கலம் ஓட்டி வந்து குடியேறினார்கள் ஹவாயின் ஆதி மக்கள். வரும்போது சேம்பு, வாழை, கரும்பு முதலியவற்றின் கன்றுகளையும் கணுக்களையும் கட்டிக் கொண்டு வந்தார்கள். ஊறுகாய் ஜாடியோடு விமானம் ஏறுகிற நம்மவர்களுக்கு அவர்கள் முன்னோடிகள் என்று எனக்குத் தோன்றிற்று.

அம்மா, நான், என் மனைவி, எங்கள் பெண், பிள்ளை, தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய சிறுவன் என்று மொத்தம் எட்டுப் பேர் போனோம். ஒன்பதாவதாக ஒரு சச்சரவும் எங்களோடு விமானம் ஏறிற்று. தஞ்சை ஜில்லாவில் எங்கள் பூர்வீக வீடு பூட்டிக் கிடக்கிறது. அதைத் தோட்டத்தோடு விற்று விட வேண்டும் என்பது தம்பியின் கட்சி. கூடவே கூடாது என்பது என் கட்சி. சாப்பிட உட்கார்ந்தால் போதும், எங்கிருந்தாவது இந்தப் பேச்சு வந்து விடும். அம்மா மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. சேர்வதற்கு அவள் சாப்பாட்டு மேஜையில் இருந்தால்தானே?

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. சுத்த சைவம். அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் பரிமாறி, எல்லோரும் எழுந்த பிறகு, சமையலறையில் ஒரு மூலையில் தனியே உட்கார்ந்து சாப்பிடுவது அவள் வழக்கம். அமெரிக்காவில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்து கொண்டது. தம்பி அங்கே போய் மீன் தின்கிறவனாகி விட்டான். அம்மாவுக்கு அது தெரியும். தெரியாதது போல் இருப்பாள். தெரியாதது போல் இருப்பதற்குத் தனியே சாப்பிடுவதைப் போல வசதியானது வேறு என்ன இருக்கிறது?

ஹொனலூலு பட்டணத்தில் வைக்கீக்கீக் கடற்கரைக்குச் சமீபம், சமையலறையோடு கூடிய ஜாகை ஒன்று பிடித்தோம். முதல் நாள் சாயங்காலமே ஊர் சுற்றப் புறப்பட்டு விட்டோம். வைக்கீக்கீயில் உலகத்துச் சாப்பாடெல்லாம் கிடைக்கிறது. ஜப்பான், சீனா, கொரியா, இத்தாலி என்று ஒவ்வொரு தேசத்துக்கும் நாலைந்து ஹோட்டல்கள். ஹவாய்ச் சாப்பாடு எங்கே என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசித்துக் கை காட்டுகிறார்கள். அன்னாசிப் பழத்தையாவது ஹவாயின் சொந்தப் பழம் என்று நான் நினைத்துக் கொண்டிருந்தேன். அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதானாம். குழந்தைகளுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. பனிக்கட்டியைப் பஞ்சு போலச் சீவிக் குவித்து, அதன் மேல் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பாகுகளை ஊற்றிக் கொடுக்கிறார்கள். ஜப்பானியர் கொண்டு வந்த பழக்கம். எங்கள் வீட்டுச் சிறுவர் மூவரும் தத்தம் நாக்கின் நிறத்தை ஒருவருக்கொருவர் காட்டிக் கொண்டு பரமானந்தமாக நடந்தார்கள்.

மறு நாள் காலையில் சீனர் பேட்டைக்குப் போனோம். அங்கே 1904-ஆம் ஆண்டு முதல் நடந்து வரும் ஓவாஹு மார்க்கெட் என்ற பழைய சந்தை இருக்கிறது. ஒரு பக்கம் மீன் கடைகள். அந்தப் பக்கம் அம்மா திரும்பவேயில்லை. அடுத்தடுத்த காய்கறிக் கடைகளைப் பார்த்ததும் அவளுடைய முகம் மலர்ந்தது. பாகற்காய், புடலங்காய், ஊதா நிறச் சர்க்கரைவள்ளி, விதவிதமான வாழைப்பழம்! எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பிலிப்பைன் தேசத்துக் கிழவி கட்டுக் கட்டாக முருங்கைக் கீரை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிலிப்பைன்காரர்கள் அதைச் சாற்றில் போட்டுக் கொதிக்க வைத்துச் சாப்பிடுகிறார்கள். அம்மா தமிழில் விலை கேட்டாள். அந்தக் கிழவி தன் பாஷையில் விலை சொன்னாள். எங்கள் ஒருவருடைய உதவியும் இல்லாமல் வியாபாரம் சுமுகமாக முடிந்தது. பக்கத்துக் கடையில் மண் ஒட்டிய சேப்பங்கிழங்கு மலை போல் குவிந்திருந்தது. அம்மா ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்து, "நம் ஊர்க் கிழங்குதான், ஆனால் பெரியப்பா பிள்ளை" என்றாள். அவள் சொன்னது சரி. தாவர நூலார் இரண்டையும் ஒரே இனம் என்றுதான் சொல்கிறார்கள்.

அன்று மத்தியானம் 'தட்டுச் சாப்பாடு' என்பதை ருசி பார்த்தோம். இரண்டு உருண்டை அரிசிச் சாதம், ஓர் உருண்டை மாக்கரோனிக் கூட்டு, அவற்றின் பக்கத்தில் ஏதாவது ஒரு பதார்த்தம். இதுதான் தட்டுச் சாப்பாடு. எங்களுக்குத் தோஃபுவும் கீரையும் கிடைத்தன. தம்பிக்குக் கிடைத்ததைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. ஜப்பானியச் சோறும் ஐரோப்பிய மாக்கரோனியும் கொரியக் காரமும் ஒரே தட்டில் எப்படி வந்து சேர்ந்தன என்று என் பெண் கேட்டாள். சரித்திர ஆசிரியனிடம் கேட்கக் கூடாத கேள்வி. ஆரம்பித்தால் எளிதில் நிறுத்த மாட்டான்.

ஹவாயில் கரும்புத் தோட்டங்கள் வைத்த வெள்ளைக்கார முதலாளிகளுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். 1852-ல் சீனர்கள் வந்தார்கள். 1878 முதல் போர்த்துக்கேசியரும், 1885 முதல் பெருவாரியாக ஜப்பானியரும், 1903-ல் கொரியரும், 1906-ல் பிலிப்பைன்காரரும் வந்தார்கள். ஃபிஜித் தீவுக்கும் நேட்டாலுக்கும் நம் தமிழ் மக்கள் கரும்பு வெட்டப் போனது போலத்தான் இதுவும். ஒவ்வொரு ஜாதியாருக்கும் தனித்தனிக் குடியிருப்பு, வெவ்வேறு கூலி. ஒருவரோடொருவர் சேராமலிருந்தால் வேலை நிறுத்தமும் நடக்காது அல்லவா?

ஆனால் முதலாளிகள் சாப்பாட்டு வேளையைக் கணக்கில் சேர்க்க மறந்து போனார்கள். தொழிலாளிகள் அடுக்குத் தூக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கட்டிக் கொண்டு வருவார்கள். அடித் தட்டில் சோறு, மேல் தட்டில் தொடுகறி. கரும்பு நிழலில் உட்கார்ந்து திறந்தால் பக்கத்துக்காரன் பாத்திரத்திலிருந்து ஏதோ ஒரு புதிய வாசனை வரும். "அது என்ன, கொஞ்சம் கொடு" என்று ஆரம்பித்த பழக்கம், எல்லோருடைய பதார்த்தமும் எல்லோருக்கும் என்று முடிந்தது. அவர்களுக்குள் ஒரு கலப்பு பாஷையும் உண்டாயிற்று. 1920-ல் ஜப்பானியரும் பிலிப்பைன்காரரும் ஓவாஹுத் தீவில் சேர்ந்து வேலை நிறுத்தம் செய்தார்கள். அது தோற்றது. 1946-ல் எல்லா ஜாதியாரும் ஒரே சங்கமாக நின்று, எழுபத்தொன்பது நாள் வேலை நிறுத்தம் செய்து ஜெயித்தார்கள். அந்த நாட்களில் பொதுச் சமையலறைகள் வைத்து, மீன் பிடித்தும் காய்கறி பயிரிட்டும் அத்தனை குடும்பங்களும் சேர்ந்து உண்டன. இன்று அந்தத் தோட்டங்கள் இல்லை. ஹவாயின் கடைசிச் சர்க்கரை ஆலை 2016-ல் மூடப்பட்டது. தட்டுச் சாப்பாடு மாத்திரம் அழியாமல் இருக்கிறது.

"அப்படியானால் அந்த ஊர் ஜனங்கள் என்ன ஆனார்கள்? எல்லாம் வந்தவர்கள் கதையாகவே இருக்கிறதே!" என்றாள் பெண்.

அந்தக் கேள்விக்குப் பதில் ஹொனலூலு நகரின் மத்தியிலேயே இருக்கிறது. இயோலானி அரண்மனைக்குக் குழந்தைகளை அழைத்துப் போனேன். ஹவாய் ஒரு சுதந்தர ராஜ்யமாக இருந்தது. 1893-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 17-ஆம் தேதி, முக்கியமாக வெள்ளைக்கார வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளின் நண்பர்களும் அடங்கிய ஒரு கூட்டம், அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் கரையிலே இறங்கி நிற்க, லிலியுவோகலானி ராணியை அரசிலிருந்து நீக்கிற்று. இரத்தம் சிந்தக் கூடாது என்பதற்காக ராணி ஆட்சேபத்தோடு விட்டுக் கொடுத்தாள். 1895-ல் அவளை அவளுடைய அரண்மனையிலேயே மாடியறையில் சிறை வைத்தார்கள். 1898-ல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக் கொண்டது. நூறு வருஷம் கழித்து, 1993-ல், அமெரிக்கக் காங்கிரஸ் சபை இதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றிற்று. மன்னிப்பு வந்தது, ராஜ்யம் வரவில்லை.

அந்நிய ஆட்சியின் விளைவைத் தட்டிலேயே பார்க்கலாம். ஒரு காலத்தில் லட்சக்கணக்கான ஜனங்களுக்கு வெளியிலிருந்து ஒரு பிடி தானியம் வராமல் சோறு போட்ட தீவுகள் அவை. சேம்பு விளைந்த நிலமும் நீரும் கரும்புக்கும் அன்னாசிக்கும் போயின. இன்று ஹவாயில் சாப்பிடும் பத்துக் கவளத்தில் எட்டு ஒன்பது கவளம் கப்பலில் வந்ததாகும். விலை மலையேறி நிற்பதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

அன்று இரவு கடற்கரைப் புல்தரையில் பாய் விரித்து, வாங்கி வந்த பொட்டலங்களைப் பிரித்தோம். அம்மா வழக்கம் போல் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்து விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்து கொண்டாள். தம்பி வாயைத் திறந்து, "அண்ணா, அந்த வீட்டைப் பற்றி..." என்றான். பேச்சை மாற்றுவதற்காக நான் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தேன்.

பழைய ஹவாயில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து சாப்பிடக் கூடாது. ஆண்களுக்குத் தனிச் சாப்பாட்டுக் குடிசை, பெண்களுக்குத் தனிக் குடிசை. அடுப்புக் குழிகூட வெவ்வேறு. வாழைப்பழம், தேங்காய், பன்றி மாமிசம், சில வகை மீன்கள் இவற்றைப் பெண்கள் தொடக் கூடாது. மீறினால் மரண தண்டனைகூட உண்டு. 1819-ஆம் வருஷம் மே மாதம், தீவுகளையெல்லாம் ஒரு குடைக்கீழ்க் கொண்டு வந்த கமேஹமேஹா மகாராஜா காலமானார். அவர் மகன் லிஹோலிஹோ பட்டத்துக்கு வந்தான். அவனைப் பெற்ற தாய் கேயோபுவோலானி. நிழல் பட்டாலே தீட்டு என்று சொல்லத்தக்க அவ்வளவு உயர்ந்த குலம். அந்த ராஜமாதா ஒரு நாள் எல்லோரும் பார்க்கத் தன் இளைய மகனோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு விட்டாள். பெரிய மகன் தயங்கினான். மகாராஜாவின் மற்றொரு ராணியான காவஹுமானு அவனை விடவில்லை. நவம்பர் மாதத்தில் கைலுவா என்ற ஊரில் பெரிய விருந்து நடந்தது. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். இளம் ராஜா இரண்டு பக்கமும் சுற்றிச் சுற்றி நடந்தான். திடீரென்று பெண்கள் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். வானம் இடிந்து விழவில்லை. அத்தோடு அந்தத் தடை போயிற்று. கிறிஸ்தவப் பாதிரிமார்கள் வந்து சேர்ந்தது மறு வருஷம்தான். வெளியார் யாரும் உபதேசித்து நடந்த காரியமல்ல அது. அந்நாட்டுப் பெண்மணிகளே நடத்திக் கொண்ட சமபந்தி போஜனம்.

கதை முடிந்ததும் எல்லோரும் சும்மா இருந்தோம். தென்னை மரத்தடியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "பாவம், அத்தனை வருஷமும் அவளுக்கு எவ்வளவு பசித்திருக்கும்!"

பசி என்று அவள் எதைச் சொன்னாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. என் மனைவிக்கு விளங்கியது போலிருக்கிறது. அவள் எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டாள்.

மூன்றாம் நாள் கூலாவ் மலையைக் குடைந்த சுரங்கப் பாதை வழியாகத் தீவின் மறு புறத்துக்குப் போனோம். வைக்கீக்கீயில் சுளீரென்று வெயில். மலைக்கு அப்பாலோ மழை மேகமும் பச்சைப் பசேலென்ற பள்ளத்தாக்குகளும். அங்கே வையாஹோலே என்று ஒரு கிராமம். 'வை' என்றால் ஹவாய் பாஷையில் நீர். அதையே இரட்டித்து 'வைவை' என்றால் செல்வம். நீர்தான் செல்வம் என்று காவேரிக் கரைக்காரனுக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

அந்த நீருக்கும் ஒரு வழக்கு உண்டு. 1913 முதல் 1916 வரையில் மலையைக் குடைந்து ஒரு கால்வாய் வெட்டி, இந்தப் பக்கத்து ஓடைகளின் நீரை வறண்ட மறு பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்குத் திருப்பி விட்டார்கள். இங்கே சேம்பு வயல்கள் காய்ந்தன. 1995-ல் அந்தக் கரும்புக் கம்பெனி மூடப்பட்டது. "கரும்புதான் போய் விட்டதே, எங்கள் தண்ணீரைத் திருப்பிக் கொடுங்கள்" என்றார்கள் இங்கத்திய குடியானவர்கள். வேறு உபயோகத்துக்கு வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். கடைசியாக 2000-ஆம் ஆண்டில் ஹவாய் உச்ச நீதிமன்றம், நீர் பொது ஜனங்களின் சொத்து, சர்க்கார் அதற்குத் தருமகர்த்தா மாத்திரமே என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஒரு பகுதி நீர் ஓடைக்குத் திரும்பி வந்தது. அதனோடு சேம்பும் திரும்பிற்று.

ஒரு குடியானவர் தம் வயல் வரப்பில் நிற்க எங்களை அனுமதித்தார். நம் நெல் வயலைப் போலவே வரப்புக் கட்டி நீர் நிறுத்தியிருந்தது. ஆனால் தேங்கி நிற்கக் கூடாது; நீர் சூடேறினால் கிழங்கு அழுகி விடும். ஒரு வாய்க்கால் வழியாக உள்ளே வந்து இன்னொரு வழியாக ஓடிக் கொண்டே இருக்க வேண்டும். அறுவடை செய்யும் விதத்தையும் அவர் காட்டினார். கிழங்கை வெட்டி எடுத்துக் கொண்டு, தலைப்பக்கத்தில் ஒரு மெல்லிய வில்லையைத் தண்டோடு விட்டு வைக்கிறார்கள். அந்தத் தண்டை மறுபடி நட்டால் அதுவே மறு செடி. இப்படியே பாட்டன், பூட்டன் காலத்துச் செடியே இன்றைக்கும் வயலில் நிற்கிறது. அம்மா குனிந்து ஒரு சேம்பிலையைத் தொட்டாள். முத்துப் போல் நின்ற தண்ணீர்த்துளி உருண்டு கீழே விழுந்தது.

வயலுக்கு அருகில், சாலையோரத்தில், பொய் விற்கும் ஒரு சிறு கடை. எதிரே மரத்தடியில் நீள மேஜை ஒன்று. கடைக்கார அம்மாள் நரைத்த தலையில் பூச் செருகிக் கொண்டிருந்தாள். அந்த ஊரில் வயதில் மூத்த பெண்மணிகளை யாவரும் 'ஆன்ட்டி' என்றே அழைக்கிறார்கள். ஆன்ட்டி ஒரு மரப் பலகையில் வெந்த கிழங்கை வைத்துக் கல் உலக்கையால் இடித்துக் காட்டினாள். இடிபட இடிபடக் கிழங்கு பளபளவென்று மாவாகத் திரண்டது. அதில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் பொய். கெட்டியாயிருந்தால் ஒரு விரலால் வழித்துச் சாப்பிடலாம். தளர்ந்தால் இரண்டு விரல், மூன்று விரல். இந்தக் கணக்கைக் கொண்டே பதத்தைச் சொல்கிறார்கள். கையால் சாப்பிடுவது அங்கே மரியாதைக் குறைவல்ல என்று தெரிந்ததும் எங்களுக்கெல்லாம் மூன்று நாளைய பாரம் இறங்கிற்று.

மேஜையில் மற்றப் பதார்த்தங்களும் வந்தன. வேக வைத்த சர்க்கரைவள்ளி, வறுத்த ஈரப்பலா, தேங்காய்ப் பாலைக் கட்டியாக உறைய வைத்த 'ஹௌப்பியா', சேம்பைத் துருவித் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்து நெடுநேரம் வேக வைத்த 'கூலோலோ' எல்லாம் வந்தன. கடைசியில் சொன்னது அல்வாவுக்குத் தங்கை. தம்பிக்கு மாத்திரம் சேம்பிலையில் பொதிந்து வெந்த 'லௌ லௌ'. உள்ளே இருந்தது மீனும் பன்றி மாமிசமும். அவன் சங்கடத்தோடு அந்தத் தட்டை எடுத்துக் கொண்டு மேஜையின் கோடிக்கு நகர்ந்தான். அம்மா வழக்கம் போல் எழுந்து நின்று கொண்டிருந்தாள். பரிமாற அங்கே வேலை இல்லை. ஆன்ட்டி எல்லாவற்றையும் வைத்து விட்டாள்.

"ஏன் நகர்கிறாய்?" என்றாள் அம்மா, தம்பியைப் பார்த்து.

"இல்லை அம்மா, இது வந்து..."

"எனக்குத் தெரியும். உன் தட்டில் இருப்பது உன்னோடு. என் தட்டில் இருப்பது என்னோடு. இங்கே வந்து உட்கார்." சொல்லி விட்டு அவளும் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் நான், மறு பக்கம் தம்பி. என் நாற்பத்தாறு வயதில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நடுவில் பெரிய கிண்ணத்தில் பொய். ஊதா நிறம். இரண்டு நாள் புளித்தது. முதல் விரல் வாயில் போனதும் என் பிள்ளை முகத்தைச் சுளித்தான். எனக்கும் பசையைத் தின்பது போலத்தான் இருந்தது. அம்மா மட்டும் இரண்டு விரல் எடுத்துச் சாப்பிட்டு விட்டு, "பழைய சோற்று நீராகாரம் மாதிரி இருக்கிறது. வயிற்றுக்கு நல்லது" என்று தீர்ப்புச் சொன்னாள். அது நிஜம். அங்கே பச்சைக் குழந்தைகளுக்கு முதன் முதலாக ஊட்டுகிற உணவு பொய்தானாம். நாலாவது விரலில் எனக்கும் அதன் புளிப்புப் பிடிபட்டு விட்டது.

இந்தச் சுமுகமான வேளையில்தான் எங்கள் ஒன்பதாவது ஆசாமி எழுந்தார். "அண்ணா, அடுத்த மாதம் அந்த ஆள் பணத்தோடு வருகிறான். நீங்கள் கையெழுத்துப் போட்டால்..." என்றான் தம்பி. "நான் உயிரோடு இருக்கும்வரை..." என்று நான் ஆரம்பித்தேன். குரல்கள் ஏறின.

ஆன்ட்டி விரைந்து வந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சண்டை என்று தெரிவதற்குப் பாஷை எதற்கு? கிண்ணத்தைச் சுட்டிக் காட்டி, "இது திறந்திருக்கும்போது இங்கே சண்டை கூடாது. ஹாலோவா கேட்டுக் கொண்டிருக்கிறான்" என்றாள்.

யார் அந்த ஹாலோவா என்று கேட்டோம். வாக்கேயா என்ற வானத் தந்தைக்கு ஒரு குழந்தை உயிரில்லாமல் பிறந்ததாம். அதைப் புதைத்த இடத்தில் முளைத்தது முதல் சேம்பு. பிறகு உயிரோடு பிறந்த இரண்டாவது பிள்ளை ஹாலோவா. அண்ணன் பெயரையே அவனுக்கும் வைத்தார்கள். ஹவாய் ஜனங்கள் எல்லாம் அவன் வம்சம். ஆகவே சேம்பு அவர்களுக்கு மூத்த சகோதரன். தம்பி அண்ணனைப் பேணுவான். அண்ணன் தம்பிக்குச் சோறு போடுவான். அந்த அண்ணன் வீற்றிருக்கிற இடத்தில் எப்படிச் சண்டை போடுவது? தாய்க் கிழங்கைச் சுற்றி முளைக்கும் பக்கக் கன்றுக்கு 'ஓஹா' என்று பெயர். குடும்பத்துக்கு அவர்கள் சொல்லும் 'ஓஹானா' என்ற வார்த்தை அதிலிருந்து வந்ததாம்.

என் பெண் இதையெல்லாம் அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். தம்பியும் நானும் தலையைக் குனிந்து கொண்டு பொய் சாப்பிட்டோம். கிண்ணம் காலியாகி, ஆன்ட்டி அதை எடுத்துக் கொண்டு போன பிறகு அம்மா வாயைத் திறந்தாள்.

"இப்போது பேசலாமில்லையா? உங்கள் அப்பா போன பிறகு அந்த வீட்டில் நான் இருந்த ஆறு வருஷமும் தனியாகவே இருந்தேன். உங்களில் ஒருவரும் என்னை, உனக்கு அந்த வீடு வேண்டுமா என்று கேட்கவில்லை. அவன் பணத்துக்காகப் பேசுகிறான், நீ பெருமைக்காகப் பேசுகிறாய். வீட்டை விற்று விடுங்கள். கிணற்றடித் தோட்டத்தை விற்காதீர்கள். அந்த மனிதர் வயலில் செய்தாரே, பார்த்தீர்கள் அல்லவா? கிழங்கைச் சாப்பிட்டு விடலாம். தலையை நட்டு வைக்க வேண்டும்."

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. முந்தின இரவு தென்னை மரத்தடியிலிருந்து பசி என்று அவள் சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் தெரிந்தது. பரிமாறிய கை ஒரு நாளும் பந்தியில் உட்காராததால், அதன் அபிப்பிராயத்தையும் நாங்கள் கேட்டதேயில்லை. சரித்திரப் பாடம் நடத்துகிறவனுக்கு இருநூறு வருஷத்துக்கு முந்தைய ராஜமாதாவின் கதை மனப்பாடம். சொந்த வீட்டுச் சமையலறை மூலை மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பினோம். வீடு கைமாறி விட்டது. கிணறும் தோட்டமும் எங்களிடமே இருக்கின்றன. தம்பி அங்கிருந்து பணம் அனுப்பி வேலி போட்டிருக்கிறான். வாய்க்கால் ஓரம் அம்மா சேம்பு நட்டிருக்கிறாள். இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் உட்காருகிறோம். அம்மாவும் என் மனைவியும் உட்கார்ந்து விட்டால் பரிமாறுவது யார் என்று முதல் வாரம் பெரிய பிரச்னையாயிற்று. பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவர் எடுத்துப் போட்டுக் கொள்வது என்று முடிவாயிற்று. எனக்குச் சாம்பார் ஊற்றிக் கொள்ளத் தெரியவில்லை என்பது நாற்பத்தாறு வயதில் வெளியான இன்னோர் உண்மை.

போன வாரம் தோட்டத்திலிருந்து முதல் கிழங்கு வந்தது. நான் ஆசையோடு, "அம்மா, பொய் செய்து பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"அது அவர்கள் கையில் நன்றாயிருந்தது. நம் வீட்டில் சேப்பங்கிழங்கு என்றால் வறுவல்தான்" என்று அம்மா சொல்லி விட்டாள். முன்பாயிருந்தால் என் இஷ்டப்படி செய்து போட்டிருப்பாள். இப்போது பந்தியில் அவளுக்கும் ஓர் ஓட்டு இருக்கிறது. வறுவல் பிரமாதமாக இருந்தது.